தொடக்க விழாவுக்கு வைத்த முள்

உக்காருங்கண்ணே, உக்காருங்க. அந்தப் பையை நான் மடியில வச்சுக்கிறேன். உள்ள பேப்பருகதான் இருக்கு, கசங்கிறக்கூடாதேன்னு சீட்டுல வச்சிருந்தேன். டவுன் வரைக்குமா? நானும் கடைசி ஸ்டாப்புதான். இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். ரோடு வேற இந்த லட்சணத்துல கெடக்கு.

என்னையத் தெரியலையாண்ணே? புளியனேந்தல் முத்திருளப்பன். செகரட்டரி முத்திருளப்பன்னு சொன்னா இந்த ரூட்டுல தெரியாத ஆளு கிடையாது. விடிவெள்ளி இளைஞர் நற்பணி மன்றம். எங்க ஊரு பஸ் ஸ்டாப்புல நீலக் கலர்ல போர்டு பாத்திருப்பீங்களே, அதுதான். இருபத்தோரு வருசமா நான்தான் செகரட்டரி. எதிர்த்து நின்னவன் ஒருத்தன் கிடையாது. நிக்க விட்டாத்தானேன்னு சில பேரு சொல்லுவாய்ங்க. அதையெல்லாம் காதுல போட்டுக்கிட்டா பொதுவாழ்க்கையில இருக்க முடியுமா?

ஏண்ணே சிரிக்கிறீங்க? அண்ணேன்னு கூப்பிடுறதுக்கா? உங்களுக்கு என்னையவிட வயசு கம்மிதான், தெரியுது. பழகிருச்சுண்ணே. மன்றத்துக்காரன் யாரையும் தம்பின்னு கூப்பிடக்கூடாது. ஒருத்தனைத் தம்பின்னுட்டா, அப்ப நீ யாருன்னு ஒரு கேள்வி வந்துரும். மன்றத்துல இருக்கணும்னா வயசு பதினஞ்சுலருந்து இருபத்தொம்பது. அது சட்டம். நான் இருபத்தொம்பதுல நிக்கிறேன். இருபத்தஞ்சு வயசுல செகரட்டரி பொறுப்புக்கு வந்தேன், நாலு வருசம் போச்சு, இருபத்தொம்பது வந்துச்சு, அப்பறம் வேலை சாஸ்தி, வயசைக் கவனிக்கிறதுக்கு நேரம் இல்லாமப் போச்சு. நீங்க மனசுக்குள்ள கூட்டிக் கழிக்கிறது தெரியுதுண்ணே. விடுங்க.

இந்தப் பைக்குள்ள ஒரு மனு இருக்கு. நாலு பக்கம், நானே எழுதுனது. யாரு மேலன்னு நினைக்கிறீங்க? எங்க மன்றத்துப் பிள்ளைக மேலயே. பத்தொம்பது பேரு மேல. குற்றம் என்னன்னா, தொடக்க விழா நடக்கிறதுக்கு முன்னாடி சேவையைச் செஞ்சு முடிச்சது.

முழிக்கிறீங்க பாத்தீங்களா. எல்லாரும் இப்படித்தான் முழிக்கிறாங்க. மன்றம் எப்படி நடக்குதுன்னு வெளியாளுக்குத் தெரியாது, அதுதான் காரணம். சொல்றேன் கேளுங்க.

ஒரு சேவைன்னா அதுக்கு மொதல்ல தேதி வேணும். தேதின்னா சிறப்பு விருந்தினர் வேணும். அவரு வர்றாருன்னா பேனர், மாலை, மைக்செட், டீ, பன்னு. அவரு வந்து மம்பட்டியைப் பிடிச்சு ஒரு கொத்து கொத்துவாரு. போட்டோ எடுப்போம். அவரு போனதும் பன்னைத் தின்னுட்டு வீட்டுக்கு வந்துருவோம். இதுதான் முறை. இருபத்தோரு வருசத்துல நாப்பத்தி மூணு தொடக்க விழா நடத்தியிருக்கேண்ணே. எல்லாத்துக்கும் ஆல்பம் இருக்கு. அதுல எத்தனை வேலை முடிஞ்சுச்சுன்னு ஒரு தடவை இந்த நாகஜோதிப் பிள்ளை கூட்டத்துல எந்திரிச்சுக் கேட்டா. தொடங்கி வைக்கிறதுதாம்மா மன்றத்தோட வேலை, முடிக்கிறதுக்குப் பஞ்சாயத்து இருக்குன்னு சொன்னேன். உக்காந்துட்டா. ஆனா நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டா. அப்பவே நான் உசாராயிருக்கணும்.

நாகஜோதி யாருன்னு சொல்லல இல்ல? எங்க ஊரு டீக்கடை சேவுகன் மக. காலேஜு ரெண்டாம் வருசம் படிக்கிறா. நல்ல பிள்ளைதான், அது வேற விசயம். மன்றத்துல எல்லாரும் என்னைய அண்ணேன்னுதான் கூப்பிடணும்னு தீர்மானம் போட்டிருக்கோம். அவ மட்டும் பெரியப்பாம்பா. முறை பாத்தா பெரியப்பாதான், இல்லங்கல. சேவுகன் எனக்குத் தம்பி முறை. அதுக்காக மன்றத்துக்குள்ள, மைக்குல, "அடுத்து நம்ம செகரட்டரி பெரியப்பா பேசுவார்"னு சொல்லலாமாண்ணே?

இந்த ஆடி மாசம், மன்றங்களுக்கெல்லாம் மேல இருக்கிற ஜில்லா ஆபீஸ்லருந்து ஒரு கடிதாசி வந்துச்சு. ஐப்பசி முடியிறதுக்குள்ள எந்த மன்றம் நல்ல சேவை செய்யுதோ அந்த மன்றத்துலருந்து நாலு இளைஞருக்குப் பத்து நாள் மலையேற்றப் பயிற்சி. கொடைக்கானலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு மலை. கயிறு கட்டிப் பாறை ஏறணும், கூடாரம் போட்டுத் தங்கணும், மேல போய்ச் சூரியன் உதிக்கிறதைப் பாக்கணும்னு போட்டிருந்துச்சு.

அதை மூணு தடவை படிச்சேண்ணே. உண்மையைச் சொல்றேன். எங்க ஊருல ஒசரமான இடம்னா கண்மாய்க் கரைதான். அதுல ஏறி நின்னா பக்கத்து ஊருக் கண்மாய்க் கரை தெரியும். நான் மலையைக் கிட்டக்கப் பாத்ததே கிடையாது. இருபத்தி நாலு வயசுல இதே மாதிரி ஒரு முகாமுக்கு எம்பேரு வந்துச்சு. பூட்ஸெல்லாம் வாங்கி வச்சிட்டேன். அப்ப இருந்த செகரட்டரி கடைசி நேரத்துல எம்பேரை அடிச்சிட்டு அவரு மச்சானை அனுப்பிட்டாரு. அந்த ஆளு மலையில ஏறாமக் கீழயே உக்காந்து சீட்டாடிட்டு வந்தான். பூட்ஸைக் கொழுந்தியா மகனுக்குக் குடுத்துட்டேன். அடுத்த வருசமே அவரை எறக்கிட்டு நான் செகரட்டரி ஆனேன். ஆனவன், இன்னொரு முகாம் வரும் வரும்னு இருபத்தோரு வருசம் உக்காந்திருக்கேன். வேற எதுக்கு இந்தப் பதவி? மாலை போட்டுக்கவா? மாலை எப்பவும் வந்தவருக்குத்தானே.

நாலு பேருல ஒண்ணு செகரட்டரி. அது நானே முடிவு பண்ணிக்கிட்டேன். மிச்சம் மூணு பேரைத் தேர்ந்தெடுக்கிறதுன்னு கூட்டம் போட்டேன். நாகஜோதி எந்திரிச்சா. "மொதல்ல சேவை என்ன செய்யப் போறோம் பெரியப்பா?"

அவளே சொன்னா. எங்க கண்மாய்க்கு ஆத்துலருந்து தண்ணி வர்ற வரத்துக்கால் மூணு கிலோமீட்டர் இருக்கு. அதுல கருவேலமுள்ளு அடைச்சுக்கிட்டு ஒம்பது வருசமாக் கண்மாய்க்கு ஒழுங்காத் தண்ணி வரல. அதை வெட்டி எடுப்போம், இந்த ஐப்பசி மழைக்குக் கண்மாய் பெருகும், எல்லாரும் நாத்துப் பாவலாம்னா. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மூணு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வேலைன்னா பேனரை எங்கண்ணே கட்டுறது? அதை ஒருத்தரும் யோசிக்கல. நான்தான் யோசிச்சேன். ரோட்டை ஒட்டி, அடியில குழாய் வழியா வரத்துத் தண்ணி போற குழாய்ப்பாலம் ஒண்ணு இருக்கு. கார் நிறுத்தலாம், நிழல் இருக்கு, பாலத்துக்கு முன்னாடி நல்லாத் தழைச்ச முள்ளும் இருந்துச்சு. விழா அங்கதான்னு முடிவு பண்ணுனேன்.

அதுக்குள்ள பிள்ளைக ஒரு காரியம் செஞ்சாங்க. சனிக்கிழமை காலையில தார்ப்பாயும் அரிசியும் தூக்கிக்கிட்டுக் கண்மாய்லருந்து ஆறு வரைக்கும் வரத்துக்கால் உள்ளயே நடந்து போனாங்க. ஆத்துக்கிட்டக்க தங்கித் தக்காளிச் சோறு ஆக்கித் தின்னுட்டு மறுநாள் வந்தாங்க. எந்தெந்த இடத்துல அடைப்புன்னு பாத்து எழுதிக்கிட்டு வந்திருக்காங்க. பதினோரு இடமாம். என்னையயும் கூப்பிட்டாங்க. நான் போகல. முட்டி வலியெல்லாம் இல்லண்ணே, எனக்கு வேற ஜோலி இருந்துச்சு. வல்லரசுன்னு ஒரு பய, ஐ.டி.ஐ. படிக்கிறான், வந்து குதிக்கிறான். "நம்ம கண்மாய்க்கு எங்கருந்து தண்ணி வருதுன்னு இப்பத்தாண்ணே எனக்குத் தெரியும்"னு. எனக்கும் தெரியாதுதான். அதை நான் அவன்கிட்டச் சொல்லல.

விழாவுக்கு ஒன்றிய சேர்மனைக் கூப்பிட்டேன். புரட்டாசி பத்துன்னாரு. அப்பறம் பதினெட்டுன்னாரு. அப்பறம் இருபத்தேழுன்னாரு. பெரிய மனுசன்னா அப்படித்தான். நடுவுல என் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. குடும்பத்தோட மானாமதுரைப் பக்கம் போய் எட்டு நாள் இருந்துட்டு இருபத்தஞ்சாம் தேதி சாயங்காலம் பஸ்ஸுல வந்து இறங்குறேன். குழாய்ப்பாலத்தைப் பாக்குறேன். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

ஒரு முள்ளு இல்லண்ணே.

பெருக்கி விட்ட வாசல் மாதிரி கெடக்கு. வரத்துக்கால் உள்ளயே ஓடிப் போய்ப் பாக்குறேன், கிழக்க பாத்தாலும் இல்ல, மேற்க பாத்தாலும் இல்ல. எல்லாத்தையும் வேரோட பிடுங்கிக் கரையில அடுக்கி வச்சிருக்காய்ங்க. பத்தொம்பது பேரும் எட்டு நாளா, விடியக்காலம் ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். எங்க ஊரு பெரியவரு பாப்பையா வாத்தியாரு பாத்துட்டு அழுதுட்டாராம். எனக்கும் அழுகை வந்துச்சு. நாளன்னைக்குச் சேர்மன் வர்றாரு. என்னத்தைத் தொடங்கி வைப்பாரு?

நாகஜோதியைக் கூப்பிட்டு விட்டேன். கையில துணியைச் சுத்திக்கிட்டு வந்தா. சிரிக்கிறா. "பெரியப்பா, முடிஞ்சிருச்சு"ங்கிறா. ஏம்மா, தொடங்காம எப்படிம்மா முடியும்னேன். "தொடக்க விழாவை முடிவு விழான்னு மாத்திக்குவோம், சேர்மன் வந்து பாத்துட்டுப் போகட்டும்"னா. பேனர் அடிச்சாச்சே! பேனர்ல தொடக்க விழான்னு போட்டிருக்கே! அதோட, பாத்துட்டுப் போறதைப் போட்டோ எடுத்தா ஒருத்தரு சும்மா நிக்கிற மாதிரித்தானே இருக்கும்? ஜில்லா ஆபீஸுக்கு என்னத்தை அனுப்புறது? எல்லாம் இந்தப் பிள்ளைகளை மலைக்கு அனுப்புறதுக்குத்தானேண்ணே நான் பாடுபட்டேன்.

முள்ளைத் திருப்பி வைங்கன்னேன்.

ஒருத்தனும் அசையல. பத்தொம்பது பேரும் அப்படியே நிக்கிறாய்ங்க, என்னமோ கோயிலை இடிக்கச் சொன்ன மாதிரி. சரி, மன்றத்துல மூத்த இளைஞர்கள்னு மூணு பேரு உண்டு, என் செட்டு. அவய்ங்களைக் கூட்டிக்கிட்டுப் போனேன். கரையில கெடந்த முள்ளு காஞ்சு போச்சு, போட்டோவுல எடுக்காது. அதனால புறம்போக்குல பச்சையா வெட்டிக் கவைக்கம்புல தூக்கிட்டு வந்து பாலத்துக்கு முன்னாடி ஒண்ணொண்ணா நட்டோம். காத்துல சாயக்கூடாதுன்னு கட்டுக்கம்பி வாங்கி அடியில எல்லாத்தையும் சேத்துக் கட்டி, கம்பியைக் குழாயோட முறுக்கி விட்டேன். அந்தக் கட்டு நான் கட்டுனது. பெருமைக்குச் சொல்லல, பாத்தவன் ஒருத்தனும் அது நட்ட முள்ளுன்னு சொல்ல முடியாது. ஒம்பது வருசமா வளந்தது மாதிரியே நின்னுச்சு.

நாகஜோதி கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. கடைசியில சொன்னா, "பெரியப்பா, மேற்க கருக்குது. தண்ணி வந்துச்சுன்னா இதுல வந்து முட்டும்." ஒரு நாளையில என்னம்மா வந்துறப் போகுது, ஒம்பது வருசமா வராத தண்ணி நாளைக்கா வரப்போகுதுன்னேன். ஒம்பது வருசமா ஏன் வரலைன்னு அந்த நேரத்துல எனக்கு ஞாபகம் இல்ல.

இருபத்தேழாம் தேதி. காலை பத்து மணிக்கு விழா. பேனர் கட்டியாச்சு, மைக்செட் பாடுது. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. சேர்மன் வரல. போன் பண்ணுனா "பத்து நிமிசம்"ங்கிறாரு. ஒரு மணிக்கு மேற்க இடி. எங்களுக்கு ஒரு சொட்டு இல்ல. ஆத்துப் பக்கம்தான் ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்கு. மூணு மணி இருக்கும், வரத்துக்கால் மேக்காலருந்து வல்லரசு ஓடியாறான். "தண்ணி! தண்ணி வருது!" வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஊரே ஓடுது.

நான் பாத்தேண்ணே. செம்மண் கலர்ல, நுரையைத் தள்ளிக்கிட்டு, ஆத்துலருந்து தடையே இல்லாம ஓடி வந்துச்சு. அந்த மாதிரி எங்க வரத்துக்காலுக்குள்ள தண்ணி வந்து நான் பாத்ததில்ல. ஓடி வந்த தண்ணி நேரா வந்து நம்ம முள்ளுல முட்டுச்சு.

முட்டுனதும் ஓலை, கட்டை, சாக்கு, ஆத்துல கெடந்த குப்பை பூராவும் அதுல வந்து அடைஞ்சுக்கிச்சு. பாலம் மூடிருச்சு. தண்ணி ஏறுது, ஏறுது, வடகரையில தாவா, தணிஞ்ச இடம் ஒண்ணு இருக்கு, அதை உடைச்சுக்கிட்டு வடக்க திரும்பிருச்சு. வடக்க கள்ளிவயல்காரன் கண்மாய்.

பிள்ளைக குதிச்சிட்டாங்க. இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு முள்ளைப் பிடிச்சு இழுக்கிறாங்க. வரல. கட்டு அப்படி. நான் கரையில நின்னு கத்துறேன், சேர்மன் பக்கத்துல வந்துட்டாராம், ரெண்டு முள்ளாவது விட்டு வைங்கன்னு. சத்தத்துல யாருக்கும் கேக்கல. பேனர் வேற அவுந்து தண்ணிக்குள்ள விழப் பாத்துச்சு. அதை நான்தான் ஓடிப்போய்ப் பிடிச்சேன். ரெண்டு மணி நேரம் பேனரை நனையவிடாமப் பிடிச்சுக்கிட்டு நின்னேண்ணே. எல்லாரும் அவங்கவங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்.

வல்லரசு வீட்டுல போய்க் கட்டிங்பிளேயர் எடுத்துட்டு வந்து, தண்ணிக்குள்ள முங்கி முங்கிக் கம்பியை வெட்டுனான். கால்ல முள்ளு ஏறி மறுபக்கம் வந்திருச்சு. நாகஜோதி கரைக்கு ஏறி வந்தப்ப ரெண்டு கையும் ரத்தம். பேனரோட ஒரு முனையைப் பிடிச்சு அதுலயே கையைத் துடைச்சா. அது மட்டும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. பேனருக்காக இல்ல. என்னன்னு சொல்லத் தெரியல.

பாலம் தொறந்தப்ப அஞ்சு மணி. அதுக்குள்ள வரத்து வடிஞ்சு போச்சு. கள்ளிவயல் கண்மாய் நெறஞ்சு கலுங்கு தாண்டி விழுது. எங்க கண்மாயில மாடு நின்னாக் கரண்டைக்கால்தான் நனையும். சேர்மன் அஞ்சரைக்கு வந்தாரு. கரையில கெடந்த ஒரு கிளையை எடுத்துப் பிடிச்சேன், அருவாளால ஒரு வெட்டு வெட்டுனாரு, போட்டோ எடுத்தோம். விழா நல்லபடியா நடந்துச்சு.

மறுநாள் ஊர்க்கூட்டம். முள்ளை வச்சது யாருன்னு கேக்குறாங்க. நாத்துப் பாவ முடியாத வயித்தெரிச்சல், எல்லாரும் கத்துறாங்க. நான் எந்திரிக்கிறதுக்குள்ள நாகஜோதி எந்திரிச்சா. "மன்றம்தான் வச்சுச்சு. தப்பு மன்றத்தோடது. நாங்க எல்லாருமா வடகரை உடைப்பைக் கட்டிக் குடுத்துர்றோம்"னா. பத்தொம்பது பேரும் எந்திரிச்சு நின்னாங்க. பாருங்கண்ணே, அவங்களே ஒத்துக்கிட்டாங்க! மனுவுல ரெண்டாம் பக்கத்துல அதை எழுதியிருக்கேன். நான் அப்ப உக்காந்துதான் இருந்தேன். எந்திரிக்கணும்னு நினைச்சேன். முட்டி ஒத்துழைக்கல.

உடைப்பைக் கட்டுனாங்க. நாலு நாள் மண் சுமந்தாங்க, வல்லரசு கால்ல கட்டோட. தொடக்க விழா இல்லாமயே.

அப்பறம் பரிசு அறிவிப்பு வந்துச்சு. ஜில்லா ஆபீஸ்லருந்து வந்து பாத்துட்டுப் போனவங்க, யாருக்குக் குடுத்தாங்க தெரியுமா? கள்ளிவயல் மன்றத்துக்கு. தண்ணீர் சேமிப்புல முதலிடமாம். கண்மாய் ததும்பி நிக்கிற போட்டோவை அனுப்பியிருக்காய்ங்க, அம்புட்டுத்தான். ஒரு மம்பட்டியைக் கையில தொடாத மன்றம்ணே அது! எங்க முள்ளுதான் அவங்க கண்மாயை நிரப்புச்சு, எங்களுக்குப் பங்கேற்புச் சான்றிதழ் வந்துச்சு.

இதுல கொடுமை என்னன்னா, கள்ளிவயல் செகரட்டரி காளீஸ்வரன் நேரா சேவுகன் டீக்கடைக்கு வந்திருக்கான். "எங்க மன்றத்துல மொத்தம் அஞ்சு பேரு. நாலு பேரு திருப்பூர்ல இருக்கான். மிச்சம் நான். எனக்கு மாடிப்படி ஏறுனாலே தலை சுத்தும். தண்ணி வந்தது உங்க பிள்ளைக உழைப்பு. நாலு எடத்துக்கும் அவங்களே போகட்டும்"னு சொல்லியிருக்கான். ஆனா கள்ளிவயல் மன்றத்துப் பேருல போகணும்னா அங்க உறுப்பினரா இருக்கணும். ஒரே தாள்ல பத்தொம்பது பேரும் கையெழுத்துப் போட்டு ராஜினாமாக் கடிதாசி எங்கிட்ட நீட்டுனாங்க. மரியாதையாத்தான் நீட்டுனாங்க, குறை சொல்லக்கூடாது. "போயிட்டு வர்றோம்ணே"ன்னான் வல்லரசு. இப்ப மன்றத்துல நானும் என் செட்டு மூணு பேரும் இருக்கோம். போன வாரக் கூட்டத்துக்கு அவய்ங்களும் வரல. நானே தலைமை தாங்கி, நானே வரவேற்று, நானே நன்றி சொன்னேன்.

இந்த ஞாயித்துக்கெழமை நாகஜோதி வீட்டுக்கு வந்தா. கையில ஒரு விண்ணப்பப் பாரம். உள்ளங்கை பூராத் தழும்பு, பாரத்தை நீட்டுறப்ப பாத்தேன். "பெரியப்பா, நாலு பேரோட பொறுப்பாளர் ஒருத்தர் கூட வரணுமாம். முதலுதவிப் பெட்டியைத் தூக்கிட்டு எங்களோட மேல வரைக்கும் வரணும். நாப்பது வயசுக்கு மேல இருக்கணும்னு போட்டிருக்கு. அப்பா கடையை விட்டு வர முடியாது. நீங்க வர்றீங்களா?"

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. என்னையப் பாத்தாம்மா நாப்பதுக்கு மேலன்னு சொல்றே, நான் இளைஞர் மன்றச் செகரட்டரி, வேற யாரையாவது பாருன்னேன். சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கல. "வேற யாரையும் இன்னும் கேக்கல பெரியப்பா. புதன்கெழமை அஞ்சு மணிக்குள்ள ஜில்லா ஆபீஸ்ல குடுக்கணும். ஆள் இல்லைன்னா எங்களையும் சேக்க மாட்டாங்களாம்."

ஏம்மா, ஊருல எத்தனை பேரு இருக்கான், என்னைய எதுக்கும்மா கேக்குறேன்னேன். அதுக்கு அவ சொன்னா, "நீங்க கட்டுன கட்டை ரெண்டு மணி நேரமா இழுத்துப் பாத்தது நாங்கதானே. மேல பாறையில கயிறு கட்டுறதுக்கு உங்களைவிட ஆள் கிடையாது பெரியப்பா."

பாராட்டித்தான் சொன்னா, இல்லையாண்ணே? எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. பாரத்தை டிவி மேல வச்சுட்டுப் போயிட்டா. என் சம்சாரம் எடுத்துப் பாத்துட்டு, "அதான் நாப்பத்தாறு ஆச்சே, போயிட்டு வாங்களேன்"னு அடுப்படியிலருந்து சத்தமாச் சொல்றா. பக்கத்து வீட்டுக்குக் கேக்குற மாதிரி.

இன்னைக்குப் புதன்கெழமை. ஆமாண்ணே, அந்தப் பாரமும் இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. மனு குடுக்கத்தான் போறேன். மனு குடுக்கிற ஆபீஸும் பாரம் குடுக்கிற ஆபீஸும் ஒண்ணு. சன்னல்தான் வேற வேற.

மணி என்னண்ணே ஆகுது? மூணே முக்காலா? அடுத்த ஸ்டாப்பு பைபாஸ், அதுக்கப்பறம் ஸ்டாண்டு. ஒரு உதவி பண்ணுவீங்களா? என் கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். கண்ணாடி போடுறதில்லண்ணே, எப்பவாச்சும். இந்தப் பாரத்துல எழுத்தெல்லாம் எறும்பு எறும்பா இருக்கு. பேனா இந்தா இருக்கு. பஸ்ஸு ஆடும், அடிக்கு இந்த மனுவை வச்சு எழுதுங்க. நாலு பக்கம், கெட்டியா இருக்கும். மேல எழுதுனது அதுல பதிஞ்சாப் பதிஞ்சுட்டுப் போகுது.

பேரு, மு. முத்திருளப்பன். ஊரு, புளியனேந்தல். பதவியா? கேட்டிருக்கானா? வேணாம், ஒரு கோடு போட்டு விட்டுருங்க. உயரம் அஞ்சடி நாலு. நோய் ஏதும் உண்டா? இல்லைன்னு போடுங்க. கூட வர்ற பிள்ளைகளுக்கு என்ன உறவு? பெரியப்பான்னு எழுதுங்க.

அடுத்தது என்ன? ஆமா, தெரியும். அதுக்குத்தான் உங்ககிட்டக் குடுத்தேன்.

நாப்பத்தாறு. மெதுவாச் சொல்லுங்கண்ணே, கண்டக்டர் நம்ம ஊரு ஆளு.

எழுதிட்டீங்களா? இல்லையா? அப்ப ஒரு நிமிசம் நில்லுங்க. நாப்பதுக்கு மேலன்னுதானே கேட்டிருக்கான்? நாப்பத்தொண்ணுன்னு போடுங்க, போதும்.